எபிக்யூரஸ்: இன்பத்துக்குப் பேர் போன கூழ்க்காரர்

ஹெடோனிசம்னா என்னன்னு நம்ம கிளாஸ்ல யாரையாவது கேட்டுப் பாருங்க. நல்லா சாப்பிடு, ஊர் சுத்து, கையில இருக்கிறதைச் செலவு பண்ணு, நாளைக்கு நடக்கிறதை நாளைக்குப் பாத்துக்கலாம். இப்படித்தான் பதில் வரும். தமிழில் இதை இன்பவாதம் என்று எழுதுகிறார்கள். காதில் விழுந்த உடனே ஸ்போர்ட்ஸ் பைக், கோவா கடற்கரை, விடிய விடிய பார்ட்டி என்று ஒரு ரீல் மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிடும்.

இந்தச் சொல்லோடு 2,300 வருஷமாக ஒருத்தர் பேர் ஒட்டிக்கொண்டே வருகிறது. கிரேக்கத் தத்துவ அறிஞர் எபிக்யூரஸ். ஆங்கிலத்தில் இன்றைக்கும் எபிக்யூர் என்றால் ருசி பார்த்துச் சாப்பிடுகிற ஆள் என்றுதான் அர்த்தம். ஆனா அந்த மனுஷன் சாப்பிட்டது என்ன தெரியுமா? ரொட்டி, தண்ணீர், பார்லிக் கூழ். என்னைக்காவது விசேஷமா சாப்பிடணும்னா நண்பர் அனுப்பும் கொஞ்சம் பாலாடைக்கட்டி. அவ்வளவுதான்.

இன்பம்தான் வாழ்க்கையின் இலக்கு என்று சொன்னவர் ஏன் இப்படி வாழ்ந்தார்? அவர் சொன்ன இன்பம் எது, நாம புரிஞ்சுகிட்ட இன்பம் எது? பட்டாசு ஊர்ப் பக்கத்திலிருந்து படிக்கிற நமக்கு அதில் என்ன வேலை? வாங்க, பார்ப்போம்.

முதலில் அந்தச் சொல்

ஹெடோனே என்பது கிரேக்கச் சொல். இன்பம் என்று பொருள். அதே வேரிலிருந்து வந்த ஹெடிஸ் என்ற சொல்லுக்கு இனிப்பான என்று பொருள். சமஸ்கிருதத்தின் ஸ்வாது, ஆங்கிலத்தின் ஸ்வீட் எல்லாம் இந்த வேரின் சொந்தக்காரர்கள்தான் என்கிறார்கள் மொழியியல் அறிஞர்கள். தமிழ் வேறு குடும்பத்து மொழி. ஆனாலும் இங்கேயும் அதே கதை. இன்பம், இனிமை, இனிப்பு மூன்றுக்கும் வேர் இன் என்ற ஒரே அடிச்சொல். மகிழ்ச்சிக்குப் பேர் வைக்க உட்கார்ந்தப்போ மனுஷனுக்கு முதலில் ஞாபகம் வந்தது நாக்குதான் போல. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சாப்பிட்டவங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஹெடோனே பழைய சொல். ஹெடோனிசம் அப்படி இல்லை. கடைசியில் இசம் போட்டு அதை ஒரு கொள்கையின் பேராக ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டில்தான். ஆக, எபிக்யூரஸ் தன்னை ஹெடோனிஸ்ட் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

இன்பமே இலக்கு என்று அவருக்கு முன்பே சொன்ன ஒருவர் உண்டு. சாக்ரட்டீஸின் மாணவர் அரிஸ்டிப்பஸ். இன்றைய லிபியாவில் இருக்கும் சைரீன் நகரத்துக்காரர். அவர் வழி வந்தவர்களைச் சைரீனியர்கள் என்பார்கள். அவர்கள் கணக்கில் இன்பம் என்றால் உடம்புக்கு இந்த நிமிஷம் கிடைப்பது. நேற்றைய இன்பம் போய்விட்டது, நாளைய இன்பம் நிச்சயமில்லை, அதனால் இப்போது கிடைப்பதே இன்பம். நாம இன்னைக்கு ஹெடோனிசம்னு சொல்றது உண்மையில் இவங்க சரக்கு.

இதில் ஒரு விபரீதமும் நடந்தது. இதே சைரீனியர் வரிசையில் ஹெஜீசியஸ் என்று ஒருவர் பின்னால் வந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் வாழ்க்கையில் இன்பத்தைவிடத் துன்பம்தான் அதிகம், ஆகவே வாழ்வதே நஷ்டம் என்கிற முடிவுக்குப் போய்விட்டார். அவர் பேச்சைக் கேட்டுச் சிலர் உயிரை விட்டதாகவும், அதனால் எகிப்தின் அரசன் தாலமி அவர் பாடம் நடத்தவே தடை போட்டதாகவும் பழைய நூல்கள் சொல்கின்றன. நொடிக்கு நொடி இன்பத்தை மட்டும் எண்ணிக்கொண்டே போனால் கணக்கு எங்கே போய் முட்டும் என்பதற்கு அவரே சாட்சி. எபிக்யூரஸ் இந்த இடத்தில்தான் பாதையை மாற்றினார்.

சாமோஸ் தீவுப் பையன்

எபிக்யூரஸ் பிறந்தது கி.மு. 341-ல், ஏஜியன் கடலில் இருக்கும் சாமோஸ் தீவில். பெற்றோர் ஏதென்ஸ்காரர்கள். நிலம் கிடைக்கும் என்று தீவுக்குக் குடியேறியவர்கள். அப்பா நியோக்ளிஸ் பள்ளி வாத்தியார். பெரிய வசதி கிடையாது. அம்மா வீடு வீடாகப் போய் மந்திரித்துவிடுபவர், பையன் கூடவே போய் மந்திரம் படித்துக் கொடுப்பான் என்று பின்னால் எதிரிகள் கேலி செய்தார்கள். உண்மையோ பொய்யோ, பேய்க்கும் சாமிக்கும் நடுங்குகிற வீடுகளை அவர் சின்ன வயசிலேயே பார்த்திருப்பார் என்று நினைக்கலாம். அந்தப் பயத்தை எடுப்பதைத்தான் பிற்பாடு அவர் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார்.

14 வயதில் தத்துவத்துக்கு வந்தார் என்பார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. வகுப்பில் பழைய கவிஞர் ஹீசியட் எழுதிய படைப்புக் கதையை நடத்தினார்கள். முதலில் இருந்தது பெருவெறுமை, அதிலிருந்து எல்லாம் வந்தது என்று பாடம். அப்ப அந்த வெறுமை எங்கிருந்து வந்துச்சுன்னு பையன் கேட்டான். வாத்தியாரிடம் பதில் இல்லை. கேள்வி கேட்டா முறைக்கிற வாத்தியார் எல்லாக் காலத்திலும் உண்டு போலிருக்கு.

18 வயதில் கட்டாய ராணுவப் பயிற்சிக்காக ஏதென்ஸ் போனார். அது கி.மு. 323. அலெக்சாண்டர் இறந்த வருஷம். அடுத்த வருஷமே அலெக்சாண்டரின் தளபதி பெர்டிக்காஸ், சாமோஸில் குடியேறியிருந்த ஏதென்ஸ்காரர்களை வெளியேற்றினார். அப்பாவின் நிலம் போச்சு, வீடு போச்சு. குடும்பம் எதிர்க்கரையில் கொலோஃபோன் என்ற ஊருக்கு அகதியாகப் போய்ச் சேர்ந்தது. பயிற்சி முடித்த எபிக்யூரஸும் அங்கேதான் போனார்.

டீயோஸ் ஊரில் நாசிஃபானிஸ் என்பவரிடம் படித்தார். அங்கேதான் டெமாக்ரிட்டஸின் அணுக் கொள்கை அவருக்கு அறிமுகமானது. உலகத்தில் இருப்பவை இரண்டே: பிரிக்க முடியாத அணுக்கள், அவை ஓடுவதற்கு வெற்றிடம். கல், மரம், மனுஷன், மனசு எல்லாமே அணுக்கள் சேர்ந்தும் பிரிந்தும் நடக்கிற வேலை. இடி விழுவது சாமியின் கோபத்தால் இல்லை. இதை ஆய்வகம் இல்லாமல் வெறும் யோசனையில் பிடித்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். சறுக்கலும் உண்டு. சூரியன் நம் கண்ணுக்குத் தெரிகிற அளவுதான் இருக்கும் என்று எபிக்யூரஸ் நம்பினார்.

32 வயதில் மித்திலீனி நகரில் ஆசிரியராக ஆரம்பித்து, பிறகு லாம்ப்சகஸ் போனார். கடைசிவரை கூட இருந்த ஹெர்மார்க்கஸ், மெட்ரோடோரஸ் போன்ற நண்பர்கள் இந்த ஊர்களில்தான் கிடைத்தார்கள். அந்தக் கூட்டத்தோடு கி.மு. 306-ல் ஏதென்ஸ் திரும்பினார்.

தோட்டம்

ஏதென்ஸில் ஒரு வீடும் ஒரு தோட்டமும் வாங்கினார். விலை 80 மினா, அதாவது 8,000 திராக்மா. அந்தத் தோட்டமே பள்ளியின் பேராகிவிட்டது. பிளேட்டோவின் அகாதெமிக்கும் அரிஸ்டாட்டிலின் லைசியத்துக்கும் போட்டியாக, ஊர்ப் பேரும் சாமிப் பேரும் இல்லாமல், வெறும் தோட்டம்.

அங்கே இருந்தவர்களைப் பார்த்துத்தான் ஏதென்ஸ் வாயைப் பிளந்தது. பெண்கள் வந்து உட்கார்ந்து தத்துவம் பேசினார்கள். லியோன்டியன் என்ற பெண், அரிஸ்டாட்டிலின் வாரிசான தியோஃப்ராஸ்டஸையே எதிர்த்து நூல் எழுதினார். அடிமைகளும் இருந்தார்கள். மிஸ் என்ற அடிமை எபிக்யூரஸோடு சேர்ந்தே தத்துவம் படித்தவர். குடும்பமும் சாதியும் அந்தஸ்தும் பார்த்துப் பந்தியில் உட்காரவைத்த காலங்கள் நமக்கும் தெரியும். நாடார்களைக் கோயிலுக்குள் விடமாட்டோம் என்ற சண்டையில் 1899-ல் சிவகாசியே எரிந்தது. அதற்கு இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் அடிமையும் பெண்ணும் எஜமானும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசினார்கள் என்றால், ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசியுங்கள்.

தோட்டத்தில் ஆடம்பரம் இல்லை. வருகிற விருந்தாளிக்குக் கூழும் தண்ணீரும்தான். கி.மு. 295 வாக்கில் டெமீட்ரியஸ் என்ற அரசன் ஏதென்ஸை முற்றுகையிட்டான். நகரத்தில் பஞ்சம். அப்போது எபிக்யூரஸ் இருந்த அவரைக் கொட்டைகளை எண்ணி எண்ணி ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுத்துத் தன் கூட்டத்தைக் காப்பாற்றினார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இன்பவாதத்தின் குரு என்று உலகம் சொல்கிற ஆள், அவரைக் கொட்டையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்தக் காட்சியை மறக்காதீங்க.

ஆசைக்கு ஒரு வரிசை

எபிக்யூரஸின் கணக்கு எளிமையானது. இன்பம் நல்லது, துன்பம் கெட்டது. பிறந்த குழந்தைக்கே இது தெரியும். சரி, இன்பத்தின் உச்சம் எது? இங்கேதான் அவர் அரிஸ்டிப்பஸை விட்டு விலகுகிறார். உடம்பில் வலி இல்லை, மனசில் பயம் இல்லை. இந்த நிலைக்கு மேல் இன்பம் கூடாது, வகை மட்டும்தான் மாறும். மனசின் இந்த அமைதிக்கு அவர் வைத்த பேர் அதராக்ஸியா. கலக்கமின்மை என்று சொல்லலாம்.

பசியோடு இருக்கிறவனுக்குச் சாத்தூர் சேவு ஒரு கை கிடைத்தாலும் சொர்க்கம். விருதுநகர் எண்ணெய் பரோட்டா வயிறு முட்டச் சாப்பிட்டவனுக்கு அடுத்த பரோட்டாவில் ஒண்ணுமே இல்லை. பசி தீர்ந்த இடம்தான் உச்சம். அதுக்கு மேல ஐட்டம் மாறும், இன்பம் ஏறாது.

இதை வைத்து ஆசைகளை மூன்றாகப் பிரித்தார்:

1. இயற்கையானது, அவசியமானது. சோறு, தண்ணீர், ஒதுங்க இடம், நண்பர்கள். இவற்றுக்கு எல்லை உண்டு. பெரும்பாலும் சுலபமாகவே கிடைக்கும்.

2. இயற்கையானது, அவசியமில்லாதது. விதவிதமான சாப்பாடு மாதிரி. கிடைத்தால் சந்தோஷமாகச் சாப்பிடு. கிடைக்கலைன்னா வருத்தப்படாதே.

3. இயற்கையும் இல்லை, அவசியமும் இல்லை. புகழ், பதவி, கணக்கில்லாத பணம். இவற்றுக்கு எல்லையே கிடையாது. எவ்வளவு வந்தாலும் இன்னும் கொஞ்சம் என்றுதான் கேட்கும்.

மூன்றாவது வகை எப்படி வேலை செய்யும்னு நமக்கு நல்லாவே தெரியும். தவணையில் போன் வாங்குகிறோம். முதல் வாரம் கையை விட்டு இறக்குவதில்லை. மூன்றாவது மாதம் அது சும்மா ஒரு போன். தவணை மட்டும் இன்னும் ஒன்பது மாதம் பாக்கி. 1971-ல் பிரிக்மன், கேம்பெல் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் இதற்கு ஹெடோனிக் டிரெட்மில் என்று பேர் வைத்தார்கள். ஜிம்மில் ஓடுகிற அந்த இயந்திரம் மாதிரி, எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறோம். அதற்கு முன்பே, 1874-ல், ஹென்றி சிட்ஜ்விக் என்ற ஆங்கிலேயர் இன்னொன்றைக் காட்டினார். இன்பத்தையே குறிவைத்துத் துரத்துகிறவனுக்கு இன்பம் கிடைக்காது, வேறு எதிலாவது மனசு ஊன்றியிருப்பவனுக்குத்தான் அது தானாக வரும். எபிக்யூரஸ் சொன்னதும் ஏறக்குறைய இதே பக்கம்தான்: எல்லா இன்பத்தையும் எடுத்துக்கொள்ளாதே, பின்னால் பெரிய வலி கொண்டுவரும் என்றால் விட்டுவிடு, சின்ன வலிக்குப் பின்னால் பெரிய நிம்மதி இருந்தால் அந்த வலியைப் பொறுத்துக்கொள்.

நாலு மருந்து

அவருடைய போதனை முழுவதையும் பிற்காலத்தில் நாலு வரியாகச் சுருக்கினார்கள். அதன் பேர் டெட்ராஃபார்மகோஸ், அதாவது நாலு மருந்து. மெழுகு, கொழுப்பு, கீல், பிசின் நாலையும் கலந்து அந்தக் காலத்தில் புண்ணுக்குப் போட்ட ஒரு களிம்பின் பேர் அது. அதையே மனசின் மருந்துக்கும் வைத்துக்கொண்டார்கள். சாமியைக் கண்டு நடுங்க வேண்டாம். சாவைப் பற்றிக் கவலை வேண்டாம். நல்லது சுலபமாகக் கிடைக்கக்கூடியது. கெட்டது தாங்கிக்கொள்ளக்கூடியது. இவ்வளவுதான் சாரம்.

சாவைப் பற்றி அவர் சொன்ன வாதம் கொஞ்சம் யோசிக்க வைக்கும். நல்லது கெட்டது எல்லாம் உணர்ச்சியில் இருக்கிறது. சாவு என்பது உணர்ச்சியே இல்லாமல் போவது. நாம் இருக்கும்வரை சாவு இல்லை. சாவு வந்தபோது நாம் இல்லை. அப்புறம் யாருக்குப் பயம்?

நம்ம பக்கம் மருந்து என்றால் வேற அர்த்தமும் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். அதற்குக் கடைசியில் வருவோம்.

கடைசி நாள்

கி.மு. 270. எபிக்யூரஸுக்கு 71 வயது. சிறுநீரகக் கல் அடைத்துக்கொண்டு 14 நாள் துடித்தார். அனுபவித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், அது எப்பேர்ப்பட்ட வலி என்று. வலி இல்லாமைதான் இன்பத்தின் உச்சம் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவருக்கு இப்படி ஒரு முடிவு. அவர் கொள்கைக்கே கடைசிப் பரீட்சை அதுதான்.

அந்த நாளில் இடோமெனியஸ் என்ற நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். வலி இதற்கு மேல் போக முடியாத அளவில் இருக்கிறது, ஆனாலும் நாம் பேசிக்கொண்டிருந்த பழைய நாள்களை நினைக்கிற சந்தோஷம் அதற்கு எதிராக நிற்கிறது என்பது அதன் சாரம். கூடவே ஒரு வேண்டுகோள்: முன்பே இறந்துபோன மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு வெண்கலத் தொட்டியில் வெந்நீரில் இறங்கினார், தண்ணீர் கலக்காத திராட்சை மது கேட்டுக் குடித்தார், கற்றதை மறக்க வேண்டாம் என்று நண்பர்களுக்குச் சொன்னார், உயிர் பிரிந்தது.

உயிலிலும் அதே குணம். தோட்டம் ஹெர்மார்க்கஸின் பொறுப்பில் பள்ளிக்கு. மெட்ரோடோரஸின் மகனுக்கும் மகளுக்கும் செலவுக்கு ஏற்பாடு. மிஸ் உள்ளிட்ட நாலு அடிமைகளுக்கு விடுதலை.

பேரைக் கெடுத்த கதை

இப்படி வாழ்ந்தவருக்கு எப்படி அந்தப் பேர் வந்தது? பாதி அவர் பயன்படுத்திய சொல்லால். ஹெடோனே என்று சொன்னாலே ஆட்கள் பாதியில் காதை மூடிக்கொண்டார்கள். மீதி திட்டமிட்ட வேலை. மெட்ரோடோரஸின் சொந்தச் சகோதரர் டிமோக்ரட்டீஸ் தோட்டத்தை விட்டுச் சண்டை போட்டுப் போனவர். எபிக்யூரஸ் தின்று தின்று ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வாந்தி எடுக்கிறார் என்று எழுதிவைத்தார். டயோடிமஸ் என்ற ஸ்டோயிக் ஆள் இன்னும் ஒரு படி மேலே போய், ஆபாசமாக 50 கடிதங்களைத் தானே எழுதி எபிக்யூரஸ் பேரில் பரப்பினார். இன்னைக்குப் போலி ஸ்கிரீன்ஷாட் போடுறாங்க இல்லையா, அதேதான். பிறகு வந்த காலங்களில் உயிர் உடம்போடு அழியும் என்றவர் என்பதால் மதவாதிகளும் சேர்ந்துகொண்டார்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்தில் நெருப்புக் கல்லறையில் கிடத்திவிட்டார். 300 சுருள்கள் எழுதியவருடைய எழுத்தில் முழுசாக மிஞ்சியது மூன்று கடிதங்கள், சில பொன்மொழித் தொகுப்புகள். திருப்பிப் பேச அவர் புத்தகங்கள் இல்லை.

இந்தக் கதை நமக்குப் புதுசு இல்லை. நம்ம நாட்டில் உலகாயதர்கள், சார்வாகர்கள் என்று இருந்தார்கள். கண்ணால் காண்பதே உண்மை, இந்தப் பிறவியின் இன்ப துன்பமே இன்ப துன்பம் என்றவர்கள். மணிமேகலையில், வஞ்சி நகரத்தில் மணிமேகலை பல சமயத்தாரிடமும் விளக்கம் கேட்கும் இடத்தில் பூதவாதி ஒருவர் வருகிறார். ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் மற்றதும் சேர்ந்தால் இல்லாத போதை புதிதாகப் பிறக்கிறதே, அதுபோல பூதங்கள் சேரும்போது உணர்வு பிறக்கிறது, பிரியும்போது போய்விடுகிறது என்று அவர் விளக்குகிறார். எபிக்யூரஸின் அணுக்களுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? அந்த இடத்தில் பூதவாதி தோற்பதற்காகவே வைக்கப்பட்ட பாத்திரம். உலகாயதர்களின் சொந்த நூல்கள் கிடைக்கவில்லை. எதிரிகள் மறுப்பதற்காக எழுதிவைத்ததிலிருந்துதான் அவர்களைத் தெரிந்துகொள்கிறோம். கடன் வாங்கியாவது நெய் சாப்பிடச் சொன்னவர்கள் என்ற பேர்தான் அவர்களுக்கும் மிஞ்சியது.

ஆனால் தமிழ் இன்பத்தைக் கண்டு பயந்த மொழி இல்லை. இன்பம் எல்லா உயிருக்கும் இயல்பாகப் பொருந்துவது என்று தொல்காப்பியம் இலக்கணத்திலேயே எழுதிவைத்தது. வள்ளுவர் 1,330 குறளில் 250 குறளை இன்பத்துக்குக் கொடுத்தார். அறமும் பொருளும் முன்னால், இன்பம் அதன் பின்னால். அந்த வரிசையை எபிக்யூரஸ் பார்த்திருந்தால் சண்டை போட்டிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. நேர்மையாக வாழாமல் இன்பமாக வாழ முடியாது என்பதுதான் அவருடைய கட்சியும்.

எரிமலைக்குள் இருந்து வந்த பாடம்

இனி வருவது இன்ஜினியரிங் பசங்களுக்கான பகுதி. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்து பொம்பெய், ஹெர்குலேனியம் இரண்டு ஊர்களையும் மூடியது. ஹெர்குலேனியத்தில் ஒரு மாளிகையின் நூலகம் கரியாகிப் புதைந்தது. 1752-ல் தோண்டியபோது நூற்றுக்கணக்கான பாப்பிரஸ் சுருள்கள் அடுப்புக்கரி மாதிரி கிடைத்தன. பிரித்தால் பொடியாகிவிடும். படிக்க முடிந்தவற்றில் பெரும்பாலானவை ஃபிலோடெமஸ் என்ற எபிக்யூரிய ஆசிரியர் எழுதியவை. மேலே சொன்ன நாலு மருந்து நமக்குக் கிடைத்ததும் இந்தக் கரிச் சுருள்களிலிருந்துதான்.

2023-ல் இந்தச் சுருள்களைப் பிரிக்காமலே படிக்க ஒரு போட்டி அறிவித்தார்கள். சுருளை எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்து, கணினிக்குள் விரித்து, மை இருக்கும் இடத்தை மெஷின் லேர்னிங் மூலம் கண்டுபிடிக்க வேண்டும். கரித்தாளில் கரிமை என்பதால் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. அந்த அக்டோபரில் 21 வயதுக் கல்லூரி மாணவர் லூக் ஃபேரிட்டர் முதல் சொல்லை வெளியே கொண்டுவந்தார். ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல் அது. 2024 பிப்ரவரியில் அவரும் இன்னும் இரண்டு மாணவர்களும் சேர்ந்து 7 லட்சம் டாலர் பரிசை வென்றார்கள். வெளிவந்த பக்கங்களில் இருந்தது என்ன தெரியுமா? இன்பம். அரிதாகக் கிடைக்கிற உணவு, தாராளமாகக் கிடைக்கிற உணவைவிட அதிக இன்பம் தருமா என்ற விவாதம். தோட்டத்துப் பேச்சு கிட்டத்தட்ட 2,000 வருஷம் எரிமலைச் சாம்பலுக்குள் இருந்துவிட்டு, நம்ம வயசுப் பசங்க எழுதிய கோடு வழியாக வெளியே வந்திருக்கு.

பட்டாசு ஊரில் எபிக்யூரஸ்

சரி, மருந்துக்கு வருவோம். இந்தியாவின் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்தில் தயாராகிறது. அதாவது, நாடு முழுக்க ஒரு ராத்திரி கொண்டாடுகிற இன்பம் நம்ம மாவட்டத்துக்காரங்க கையால் வருஷம் முழுக்கச் செய்யப்படுவது. ஒரு புஸ்வாணம் எரிவது சில நொடி. அரிஸ்டிப்பஸ் சொன்ன இன்பத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஏறும், பூக்கும், முடிந்துவிடும். அதற்கு மருந்து செலுத்துகிற கைகளில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் லேசில் போகாது.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். உதவிக்கு ஓடிவந்த ஊர்க்காரர்களும் அதில் உண்டு. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை நம்ம ஊர்ப் பேப்பரில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. மருந்துக் கலவை அறைக்குள் போகிற ஒரு அக்காவிடம் போய், சாவு வந்தபோது நாம் இருக்கமாட்டோம், அதனால் பயம் வேண்டாம் என்று எபிக்யூரஸ் வாதத்தை எடுத்துச் சொல்ல முடியுமா? அது கேலியாகத்தான் இருக்கும். அந்த அக்காவின் பயம் சாவைப் பற்றிய தத்துவப் பயம் இல்லை. ஸ்கூல்ல இருக்கிற பிள்ளையைப் பற்றிய பயம். இது எபிக்யூரஸின் பலவீனமான இடம்தான். அரசியலிலிருந்து ஒதுங்கி, ஊர் கண்ணில் படாமல், நண்பர்களோடு வாழச் சொன்னவர் அவர். தோட்டத்துச் சுவருக்கு வெளியே இருப்பவர்களை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அந்தச் சுவருக்குள் பதில் குறைவு.

ஆனா அவரிடமே இதற்கு ஒரு வழியும் இருக்கு. மனுஷனுக்கு மனுஷன் பாதுகாப்பாக இருப்பது இயற்கையான நன்மை என்றார். நீதி என்பது வானத்திலிருந்து விழுந்தது இல்லை, ஒருவரையொருவர் துன்புறுத்தாமல் இருக்க மனிதர்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் என்றார். அப்படிப் பார்த்தால் ஓர் அறைக்குள் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று எழுதிவைத்த விதி ஏதோ அரசாங்கக் காகிதம் இல்லை. அதுதான் அந்த ஒப்பந்தம். அதை மீறிச் செய்த பட்டாசின் வெளிச்சத்தை எபிக்யூரஸ் இன்பக் கணக்கில் சேர்க்கவே மாட்டார். பின்னால் பெரிய வலி வரும் என்றால் அந்த இன்பம் வேண்டாம் என்றவர் அவர். அந்த வலி அடுத்தவர் வீட்டு வலியா இருந்தாலும் கணக்கு மாறக்கூடாது.

உராய்வு, நிலைமின்சாரம், வெப்பம், அலுமினியப் பொடியில் ஈரம். பட்டாசு ஆலையில் ஆபத்து பெரும்பாலும் இந்த வழிகளில்தான் வருகிறது. நாலுமே நம்ம சிலபஸில் இருக்கிற விஷயங்கள். ஈரப்பதமும் நிலைமின்சாரமும் கூடினால் எச்சரிக்கிற சென்சார், கை படாமல் மருந்து கலக்கிற சின்ன இயந்திரம், இதெல்லாம் ஒரு ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குள் அடங்கக்கூடியவை. எங்கேயோ டவுன்லோடு பண்ணின புராஜெக்ட்டை விட இது கொஞ்சம் கூடுதல் வேலைதான்.

பயம் இல்லாமல் வேலைக்குப் போய், வலி இல்லாமல் வீட்டுக்கு வந்து, நாலு பேரோடு உட்கார்ந்து ஒரு வாய் கூழ் குடிப்பது. எபிக்யூரஸ் ஹெடோனே என்று சொன்னது இதைத்தான். அடுத்த தடவை யாராவது ஹெடோனிசம்னா பார்ட்டிதானேன்னு கேட்டா, அவரைக் கொட்டையை எண்ணிக்கொண்டிருந்த அந்தத் தாடிக்காரரைப் பற்றிச் சொல்லுங்க.